கழித்தல் குறி

வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்து, முதல் மாதம் கையில் 3,000 ரூபாய் சேர்ந்தது. பள்ளி வேலையை விட்ட இரண்டு வருடத்தில் நான் சம்பாதித்த முதல் பணம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வங்கியில் கட்டினேன். பாஸ்புக்கில் அச்சடித்துக் கொடுத்த இருப்பு 2,452. வேலையை விடும்போது அதில் 3,700 ரூபாய் விட்டு வைத்திருந்தேன். இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

கவுண்டரில் கேட்டேன். "மினிமம் பேலன்ஸ் இல்ல மேடம், சிஸ்டமே எடுத்துக்கும்" என்றார்.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. பள்ளியில் இருந்தபோது அது சம்பளக் கணக்கு. ஒரு ரூபாய்கூட இல்லாமல் இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலையை விட்டேன். சில மாதம் சம்பளம் வராததும் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது. குறைந்தபட்சம் 5,000 வைத்திருக்க வேண்டும். வைக்காததற்கு மாதம் 150 ரூபாய் அபராதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 177. இருபத்து நான்கு மாதத்தில் 4,248. கணக்கில் இருந்ததைத் தின்று முடித்து, 548 ரூபாய் கடனும் எழுதி வைத்திருந்தார்கள். நான் கட்டிய டியூஷன் பணத்தில் முதல் பிடி அந்தக் கடனுக்குப் போயிருந்தது.

"தகவல் அனுப்பியிருக்கோமே" என்றார்கள். அனுப்பித்தான் இருந்தார்கள், என் கணவரின் எண்ணுக்கு. கணக்கு தொடங்கும்போது படிவத்தை நிரப்பியவர் அவர். தன் எண்ணையே எழுதிவிட்டார். வந்த குறுஞ்செய்திகளை விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அன்று இரவு அவர் சொன்னது, "உனக்கு எதுக்குத் தனியா ஒரு அக்கவுண்ட்? இதை மூடிடு." அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது.

ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பது. இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். அபராதத்தாலேயே கணக்கு மைனஸில் போகக் கூடாது. என் கணக்கில் 1,300 ரூபாய் குறைந்த மாதத்திலும் 177, ஒன்றுமே இல்லாத மாதத்திலும் 177. பிறகு மைனஸும். இரண்டும் விதிக்குப் புறம்பு. இதையே எண் போட்டு வெள்ளைத்தாளில் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

இருபது நாளில் பதில் வந்தது. 548 ரூபாயும் கூடவே 1,770 ரூபாயும் வரவு வைத்திருந்தார்கள். மீதிக்குப் பதில் இல்லை. வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. செய்திருக்கிறேன்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் முதன்முதலாக வந்தபோது, பல பெண்களின் கணக்கில் விழுந்த உடனேயே பழைய அபராதத்துக்கென்று பிடித்துக்கொண்டார்கள். அரசே வங்கிகளை எச்சரிக்க வேண்டியிருந்தது. மாதா மாதம் தவறாமல் பணம் வருகிறவருக்கு இந்த அபராதம் இருப்பதே தெரியாது. வேலைக்கு இடைவெளி விடுகிறவர் யார்? பிள்ளை பெறுகிறவர், மாமியாருக்கு உடம்பு முடியாதபோது வீட்டோடு இருக்கிறவர். சம்பளம் இல்லாத அந்த வேலைக்கு வீட்டில் கூலி இல்லை. வங்கியில் அபராதம் உண்டு. பணம் இல்லை என்பதற்காகப் பணம் கேட்கிற இடம் அது.

கணக்கை நான் மூடவில்லை. அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொன்னேன். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்கு அது. எல்லா வங்கியும் தர வேண்டும். கேட்காமல் யாரும் சொல்வதில்லை. கைபேசி எண்ணையும் மாற்றினேன். படிவத்தை நானே நிரப்பினேன்.

அடுத்த வாரம் அம்மாவின் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது என் தம்பியின் எண்.