பருந்தும் படிக்காசும்

எமது சிறுபிராயத்தில் 'பிராந்து' என்ற குரல் முற்றத்தில் எழுந்தால் வீடே எழுந்துவிடும். பேத்தியார் கையிலிருந்த உலக்கையைப் போட்டுவிட்டுக் கைகொட்டிக்கொண்டு ஓடிவருவார். தாய்க்கோழி சிறகை விரிக்க, குஞ்சுகள் அதற்குள் ஒடுங்கும். பனைகளுக்கு மேலே வட்டமிடும் அப்பறவையை ஒருநாளாவது அருகில் நின்று பார்ப்போம் என்று அந்நாளில் நாம் எண்ணியதில்லை. நாற்பத்தேழாவது வயதிலே, கடல் கடந்த குளிர் நாடொன்றில், அதன் உறவினங்களின் எச்சத்தைச் சுரண்டிக் கழுவும் ஊழியத்தில் அமர்வோம் என்றும் எண்ணியதில்லை.

2018ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் கல்வியியல் மேற்படிப்பின் பொருட்டு ஓராண்டு விடுப்புப் பெற்று இங்கிலாந்து சென்றிருந்தோம். சிற்றன்னையின் மகள் வீட்டில் வாசம். அவ்வூரின் புறத்தே வேட்டைப் பறவைகளைப் பேணும் நிலையம் ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் உதவுதற்குத் தொண்டர்கள் தேவை என்று அதன் வாயிலில் அறிவித்தல் தொங்கிற்று. விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதனினும் நல்ல பள்ளிக்கூடம் எங்கே வாய்க்கும்? விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டின்போது செய்தியைச் சொன்னோம்.

"சம்பளமில்லாமலோ, அண்ணை?" என்றாள் தங்கை. "உங்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் விடேல்லையே!"

அவள் சிரித்தாள். நாமும் சிரித்தோம். ஆயினும் அச்சொல் நெடுநேரம் உள்ளே கிடந்து உறுத்திற்று. காரணம் வடமாகாணத்து வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. நிரந்தர நியமனம் பெறுவதன் முன் மூன்று ஆண்டுகள் நாம் 'தொண்டர் ஆசிரியர்' என்ற பெயருடன் ஒரு பாடசாலையில் கற்பித்தவர்கள். அதனை ஈண்டு நிறுத்தி, முதலிற் பறவைகளிடம் செல்வோம்.

பிரித்தானியாவில் இத்தகைய நிலையங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது அண்மைக் காலத்திலேயே. 1967ஆம் ஆண்டில் பிலிப் கிளேசியர் என்பார் குளொஸ்ரஷயரிலுள்ள நியூவென்ற் என்னும் சிற்றூரில் தொடங்கிய நிலையம் முன்னோடிகளுள் ஒன்று. அதற்கு முன் இப்பறவைகளைக் கையில் ஏந்துதல் பெரும்பாலும் பிரபுக்களின் கேளிக்கையாக இருந்தது. 1486இல் அச்சான 'செயின்ற் ஓல்பன்ஸ் நூல்' எப்பறவை எப்பதவியாளருக்கு உரியது என்று பேரரசனிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்துகிறது. வானத்தில் பறப்பதற்கும் சாதி வகுத்த பெருமை எமது நாட்டிற்கு மட்டும் உரியதன்று என்பதறிந்து சிறிது ஆறுதலடைந்தோம்.

இனி, ஊழியம் எத்தகையது என்று கூறுவோம். காலை எட்டு மணிக்கு முதல் வேலை எடை பார்த்தல். ஒவ்வொரு பறவையையும் இடக்கை உறையின் மீது ஏற்றி, தராசின் மேலுள்ள குறுக்குத் தடியில் நிற்கச் செய்து, கிராம் கணக்கில் எடைப் புத்தகத்திற் பதிந்து, பதிந்தவர் தம் பெயரின் முதலெழுத்தை அருகில் இடுதல் வேண்டும். பின்னர் கூடுகளின் சரளைக் கல்லை வாரியால் வாருதல், குளிக்கும் தொட்டிகளைக் கழுவுதல், தாங்குகளில் உலர்ந்து இறுகிய எச்சத்தைத் தேய்த்து அகற்றுதல். தாங்கு அழுக்காயிருப்பின் பறவையின் பாதத்திற் சீழ்க்கட்டு உண்டாகும்; முற்றினால் உயிருக்கே கேடு. ஆந்தைகளின் கூட்டில் அவை கக்கிய உருண்டைகள் கிடக்கும். ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடு பல்லுடன் முழுமையாக வெளிவரும். எமது பாடசாலை ஆய்வுகூடத்திற்கென ஒரு சிறு பெட்டி நிறையச் சேர்த்தோம். விமான நிலையத்தில் அதற்கு என்ன விளக்கம் கூறுவது என்று அஞ்சிக் கடைசியில் தங்கை வீட்டிலேயே விட்டு வந்தோம். அவள் அதை என்ன செய்தாளோ!

உணவு ஆயத்தம் செய்வதுதான் முதற் சில வாரங்கள் எம்மைத் துன்புறுத்தியது. பொரித்து ஒருநாளேயான சேவற்குஞ்சுகள், உறைந்த நிலையில், பெட்டி பெட்டியாக வரும். முட்டைக்கென வளர்க்கும் சாதியில் பிறந்த சேவல் முட்டையிடாது. இறைச்சிக்கு வளர்த்தாலும் கட்டுப்படியாகாது. ஆதலால் பிறந்த அன்றே பிரித்தெடுத்துக் கொன்றுவிடுகிறார்கள். இலாபம் தராதது என்ற ஒரே குற்றத்திற்காக இறந்த அம்மஞ்சட் குஞ்சுகளைப் பனி நீக்கி, வயிற்றைக் கீறி, மஞ்சட்கருப் பையை அகற்றுவோம். முற்றத்திலே பேத்தியார் காத்த குஞ்சுகள் அப்பொழுதெல்லாம் நினைவில் வரும்.

அங்கே எமக்குத் தொழில் பழக்கியவள் இருபத்திரண்டு வயதுப் பெண். வட இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரொன்றிற் பிறந்தவள். தந்தை பஸ் சாரதி. விலங்கியலில் பட்டம் பெற்றுவிட்டு 'பயிலுநர்' என்ற பெயரில் சேர்ந்திருந்தாள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணிநேரம். ஊதியம் கிடையாது. நிலையத்தின் பின்புறத்து வயலில் நிற்கும் பழைய வண்டிவீடு ஒன்றில் வாசம். மாலையானதும் நகரத்துப் பேரங்காடி ஒன்றிற்கு சைக்கிளிற் போய், நள்ளிரவு வரை தட்டுகளில் சாமான் அடுக்குவாள். அந்தக் கூலியில் உணவும், படிப்புக்குப் பெற்ற கடனைத் தவிர்ந்த மற்றைக் கடன்களும்.

பறவையின் கால்வாரை விரலிடுக்கில் பிடிப்பதும், இடக்கையிற் பறவை நிற்க வலக்கையால் மட்டும் முடிச்சிட்டு நீள்வாரைத் தாங்கிற் பிணைப்பதும் அவள் கற்றுத் தந்தவை. அம்முடிச்சைப் பழக எமக்கு நான்கு ஞாயிறுகள் சென்றன. அவள் ஒரு முறையேனும் சலித்துக்கொள்ளவில்லை. நல்லாசிரியை. கண்ணாடிச் சாளரத்தில் மோதியும் வாகனங்களில் அடிபட்டும் வரும் காட்டுப் பறவைகளைத் தூக்கும்போது அவள் பேசமாட்டாள். மனிதக் குரலுக்கு அவை பழகிவிடக்கூடாது என்பாள். குணமடைந்து திரும்பவேண்டிய பறவைக்கு மனிதரிடத்து அச்சம் இருத்தலே நலம்.

எடை ஏன் நாள்தோறும் பார்க்கப்படுகிறது என்பதை ஹரிஸ் பருந்து ஒன்றை வைத்து விளக்கினாள். அந்த ஆண் பறவை 620 கிராம் அளவில் நின்றால் கூப்பிட்ட குரலுக்குப் பறந்து வரும். எடை ஏறினால், அதாவது வயிறு நிறைந்திருந்தால், மரத்தில் அமர்ந்து எம்மை வேடிக்கை பார்க்கும். மிகக் குறைந்தால் உடல் நலிந்துவிடும். பார்வையாளர் டிக்கற் வாங்கி வந்து கண்டு வியக்கும் 'பாசம்' சில கிராம்களின் கணக்கே. அது உறையில் வந்து இறங்கும், இறைச்சித் துண்டைப் பெறும், மறுபடி பறக்கும், மறுபடி பெறும். ஒரு நாள் துண்டு இல்லாத வெறுங் கையை நாம் நீட்டிவிட்டோம். பருந்து வந்தது, பார்த்தது, ஓக் மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது. இறக்குவதற்கு ஒரு மணிநேரம் ஆயிற்று.

"இந்த நிலையத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய மறுப்பவர் இவர் ஒருவர்தான்" என்றாள் அப்பெண், மரத்தை அண்ணாந்து பார்த்தவாறே.

2018 ஏப்ரலில் அந்நாட்டில் 21 தொடக்கம் 24 வயது வரையினருக்கான குறைந்தபட்ச வேதனம் மணிக்கு 7 பவுண் 38 பென்ஸாக இருந்தது. வாரம் நாற்பது மணிநேரத்திற்கு 295 பவுண் சொச்சம். அஃது அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை? சட்டம் மீறப்பட்டதா? இல்லை. 1998ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, அறநிலையங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் செலவுப் பணமும் தங்குமிடமும் போன்றவை மட்டும் பெற்றுத் தொண்டு புரிவோர்க்கு அவ்வேதனம் உரித்தன்று என்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிற் பொழுதுபோக்காக வரும் எம் போன்றாரை மனத்திற்கொண்டு நோக்கினால் அப்பிரிவு நியாயமானதே. அந்த வாயிலால் வாரம் நாற்பது மணிநேர உழைப்பும் உள்ளே புகுந்துவிடுகிறது.

நிலையத்தை நடத்தியவரைக் கொடியவர் என்று கூறினால் நாம் பொய்யுரைத்தவராவோம். மாரிகாலத்தில் பார்வையாளர் இல்லை. பறவைகளோ மாரியிலும் உண்ணும். அவரது மேற்சட்டை எமது மேற்சட்டையினும் பழையது. தாமும் இளமையில் இவ்வாறே கூலியின்றி நின்று பழகியவர் என்று பெருமையுடன் சொன்னார். தாம் பட்டதை அடுத்தவரும் படுதல் பயிற்சியின் ஒரு கூறு என்று அவர் நம்பினார். இதே நம்பிக்கையை எமது நாட்டு ஆசிரியர் ஓய்வறைகளிலும் கேட்டிருக்கிறோம்.

தொண்டின் பெருமையை நாம் குறைத்துரைப்பதாக எவரும் கருதவேண்டாம். 1960ஆம் ஆண்டளவில் பந்தயப் புறா வளர்ப்போர், பொரி வல்லூறுகள் பெருகித் தம் புறாக்களைக் கொல்கின்றன என்று அரசுக்கு முறையிட்டனர். 1961இலும் 1962இலும் டெரெக் ராட்கிளிஃப் என்னும் அறிஞரின் வழிகாட்டலில் கணக்கெடுப்பு நடந்தது. சம்பளமின்றி மலை மலையாக ஏறிய பறவை ஆர்வலர்கள் கண்டது முறைப்பாட்டிற்கு நேர்மாறு: குன்றுகளிற் பல கூடுகள் வெறுமையாயிருந்தன. பூச்சிகொல்லி நஞ்சினால் முட்டையோடு மெலிந்துவிட்டதை, பழைய முட்டைச் சேகரிப்புகளுடன் ஒப்பிட்டு 1967இல் ராட்கிளிஃப் வெளியிட்டார். இன்று அந்நாட்டின் தேவாலயக் கோபுரங்களிலும் பொரி வல்லூறு கூடு கட்டுகிறதென்றால் அந்தத் தொண்டர்களுக்கும் அதிற் பங்குண்டு.

ஆனால் அவர்களுட் பலர் வேறு தொழிலால் உண்டவர்கள். ஓய்ந்த நேரத்தைக் கொடுத்தவர்கள். எம்முடன் ஞாயிறுகளில் வந்த ஓய்வுபெற்ற தபாலதிபரும் தாதியும் அவ்வாறானவரே. அப்பெண்ணோ கொடுக்க வந்தவள் அல்லள், வேலைக்குக் காத்திருந்தவள். பறவை காப்பாளர் பதவி எதற்கு விண்ணப்பித்தாலும் முன் அனுபவம் கேட்கிறார்கள். அனுபவமோ கூலியின்றி நின்றாலன்றிக் கிட்டாது. ஓராண்டு கூலியின்றி நிற்கத் தந்தையின் வங்கிக் கணக்கு இடங்கொடுப்போர்க்கே அத்தொழில் என்றாகிவிடுகிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னைய வரிசை ஏடு கிழிந்துவிட்டது என்கிறார்கள். அதனை வேறு மையினால் யாரோ எழுதிக்கொண்டிருப்பதாக எமக்குத் தோன்றிற்று.

தேநீர் அறையின் சிறு புத்தகத் தட்டில் பாரி ஹைன்ஸ் 1968இல் எழுதிய நாவல் இருந்தது. ஏவலாளுக்கு உரியது சிறு வல்லூறு என்ற பழைய வழக்கைத் தலைப்பாகக் கொண்டது. அடுத்த ஆண்டே கென் லோச் அதனைப் படமாக்கினார். ஹைன்ஸ் சுரங்கக் கிராமத்திற் பிறந்தவர், ஆசிரியராகவும் இருந்தவர். வறிய சிறுவன் பில்லி வல்லூறு பழக்கும் கலையைக் கற்கப் புத்தகம் தேடி நூலகம் செல்கிறான். பெரியவர் ஒப்பமிட்ட படிவமின்றி அங்கத்தவனாக முடியாது என்கிறார்கள். கடையிலிருந்து திருடுகிறான். பள்ளியில் எதற்கும் உதவாதவன் எனப்பட்டவன் தன்னந்தனியே அவ்வித்தையைக் கைவரப் பெறுகிறான். தொழில் ஆலோசனை உத்தியோகத்தர் முன் அமர்த்தப்படும்போது அந்த அறிவை வைக்க அவரது படிவத்தில் இடமில்லை. அந்நாவலை ஒரே இரவில் வாசித்தோம். இன்றைய பில்லி இந்நிலையத்தின் வாயிலுக்கு வந்தால் அன்புடன் வரவேற்பார்கள், ஐயமில்லை. பிறகு, ஓராண்டுக்கு வாடகையும் சாப்பாடும் உன் செலவு என்பார்கள்.

வேறு வழியில்லையா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 'ஹோக் மவுண்டன்' என்றொரு சரணாலயம் உண்டு. வலசை செல்லும் பருந்துகளைக் குவியல் குவியலாகச் சுட்டு வீழ்த்திய மலையை 1934இல் ரோசலி எட்ஜ் என்னும் பெண்மணி குத்தகைக்கு எடுத்துத் துப்பாக்கிகளை வெளியேற்றினார். அவர் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அச்சரணாலயம் பல நாட்டு இளைஞரைப் பயிலுநராக அழைத்து, தங்குமிடமும் மாதப் படிக்காசும் கொடுத்துப் பழக்குகிறது. படிக்காசு பெற்றமையால் அவர்களுடைய பறவைப் பற்றுக் குறைந்ததாக எவரும் கூறக் கேட்டிலோம்.

இதை அப்பெண்ணிடம் சொன்னபோது, தொண்டர் ஆசிரியர் என்றால் என்னவென்று அவள் எம்மைக் கேட்டாள். யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வெற்றிடங்களை நிரப்பியோர் அவர்கள். நிரந்தர நியமனம் கேட்டுப் பின்னர் ஆண்டுக்கணக்கில் அலுவலக வாயில்களில் அமர்ந்தோரும் அவர்களே. எமது மூன்று ஆண்டுகளில் அன்னையாரின் காதணிகள் அடைவுக்குப் போயின. எம்முடன் சேர்ந்த நண்பர் ஒருவர் எம்மிலும் சிறந்த கணித ஆசிரியர். அவருக்குத் தங்கைகள் மூவர். இரண்டாம் ஆண்டின் நடுவில் நின்றுவிட்டு சீமெந்துக் கடையொன்றில் கணக்கெழுதப் போனார். எமக்கு நியமனம் வந்தது, அவருக்கு வரவில்லை; தகுதியால் அன்று, காதணியால். இவ்வளவையும் எமது அரைகுறை ஆங்கிலத்தில் அவளுக்குச் சொல்லி முடிக்கும்வரை அவள் குஞ்சுகளின் வயிற்றைக் கீறிக்கொண்டேயிருந்தாள். "அவர் இப்போது எங்கே?" என்று மட்டும் கேட்டாள். கடையில்தான் இருக்கிறார் என்றோம்.

தை மாதத்தில் நிலையத்தில் ஒரு காப்பாளர் பதவி உண்டாயிற்று, சம்பளத்துடன். ஆனால் மார்கழிக் கடைசியிலேயே பேரங்காடி அவளது இரவு வேலையைக் குறைத்துவிட்டது. வண்டிவீட்டின் எரிவாயுவுக்குப் பணமின்றி இரு வாரம் சமாளித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாள். பதவி இன்னொரு பயிலுநருக்குக் கிடைத்தது. நல்ல இளைஞன், பறவைகளிடம் அன்புள்ளவன். அவன்மீது எமக்கு மனக்குறை எதுவுமில்லை. அவனது பெற்றோர் மாதந்தோறும் பணம் அனுப்பிவந்தனர்.

அடுத்த ஞாயிறு எடைப் புத்தகத்தைத் திறந்தோம். ஆவணியிலிருந்து மார்கழி வரை பக்கத்துக்குப் பக்கம் அவளது முதலெழுத்து. பிறகு அவனது. ஹரிஸ் பருந்தை உறையில் ஏற்றித் தராசில் வைத்தோம். 622 கிராம். எழுதி, எமது எழுத்தை இட்டுவிட்டு, இறைச்சிப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனோம்.