ஸ்வாப் இல்லாத கணினியும் ஒரு தாயின் வாக்குமூலமும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அதன் பத்தாண்டு நிறைவுக் கட்டுரைக்காக 2024இல் ஹல்துமுல்லைக்குச் சென்றிருந்தேன். அன்று மகளைப் பறிகொடுத்த ஓர் அம்மையார் பேச இசைந்தார். ஒரு மணி நேரம் அவர் பேசப் பேச, மடிக்கணினியில் தட்டச்சுச் செய்தேன்.

திடீரென அம்புக்குறி உறைந்தது. வட்டு விளக்கு மட்டும் ஓயாமல் எரிந்தது. சில நிமிடங்களில் உலாவி தானாகவே மறைந்தது. மின்னஞ்சல் பெட்டிக்குள்ளேயே எழுதுவது என் பழக்கம். இணைய இணைப்பு அறுந்திருந்ததால் வரைவு எங்கும் சேமிக்கப்படவில்லை.

அன்றிரவு தங்குமிடத்தில் காரணத்தைத் தேடினேன். அது 2 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய கணினி, இயங்குவது லினக்ஸில். கருனலின் பதிவேட்டைத் திறந்தபோது, நினைவகம் தீர்ந்தமையால் உலாவி கொல்லப்பட்டதாக ஒரு வரி இருந்தது. 'ஃப்ரீ' என்ற கட்டளையை இட்டேன். ஸ்வாப் என்ற வரிசையில் எல்லாமே சுழியம். "எஸ்.எஸ்.டி. தேய்ஞ்சு போயிரும் மாமா, ஸ்வாப் வேணாம்" என்று, நிறுவிக் கொடுத்த மருமகன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஸ்வாப் என்பது மேசையின் இழுப்பறை போன்றது. உடனடியாகத் தேவைப்படாத தாள்களை அதற்குள் வைத்தால் மேசையில் இடம் கிடைக்கும். இழுப்பறை இல்லையேல், நாம் எழுதிய தாள்களைக் கருனலால் அகற்ற இயலாது. ஆகவே, வட்டில் பிரதியுள்ள நிரல் பகுதிகளை வீசிவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் மீண்டும் வட்டிலிருந்து படிக்கிறது. கணினி உறைந்ததும் விளக்கு எரிந்ததும் இதனாலேயே. அதுவும் போதாதபோது, பெரும்பாலும் மிகுதியான இடத்தைப் பிடித்திருக்கும் செயலியையே கொல்கிறது. அதற்குள் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பரிகாரம் பத்து நிமிட வேலைதான். வட்டில் 2 ஜி.பி. அளவில் ஒரு கோப்பை உருவாக்கி, நிர்வாகி மட்டுமே படிக்குமாறு உரிமையைக் கட்டுப்படுத்தி, 'எம்.கே.ஸ்வாப்' கட்டளையால் ஆயத்தம் செய்து, 'ஸ்வாப்ஒன்' கட்டளையால் இயக்கினேன். மறுதொடக்கத்தின் பின்னும் நிலைத்திருக்க 'எஃப்ஸ்டாப்' கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். சாதாரணப் பாவனையில் இதனால் எஸ்.எஸ்.டி. விரைவில் தேய்ந்துவிடாது.

நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஃப்ரீ' காட்டும் வெற்றிடம் குறைவாக இருப்பது நோயன்று. லினக்ஸ் வெற்றிடத்தைத் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும். 'அவெய்லபிள்' என்ற நிரலே உண்மையான கையிருப்பு. அது அடிக்கடி வற்றுமாயின் ஸ்வாப் மட்டும் போதாது. உலாவியின் தத்தல்களை மூட வேண்டும், அல்லது நினைவகத்தைக் கூட்ட வேண்டும்.

மறுநாள் குறிப்பேட்டுடன் அந்த அம்மையாரிடம் சென்றேன். "மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லணுமாங்க ஐயா?" என்று கேட்டார். சொன்னார், இருபது நிமிடங்களில் முடித்துக்கொண்டார். அன்று காலையில் மகள் வாசலில் நின்று அவரிடம் சொன்ன சொற்களை இம்முறை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவை எனக்கு ஏறக்குறைய நினைவிருக்கின்றன. ஆனால் ஏறக்குறைய நினைவிருப்பதை மேற்கோள் குறிகளுக்குள் இட முடியாது. கட்டுரை அந்தச் சொற்கள் இல்லாமலே அச்சேறியது.