எந்தத் தீவுக்குப் போவது?

கடலூரில் என்னோடு படித்த ஒருத்தி இப்போது பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே அவளுக்கு ஆபீசுகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பிப் போய், மேசைக்காரர்கள் வந்து உட்காருவதற்குள் குப்பையை எடுத்து, கக்கூசைக் கழுவிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பதினோரு வருஷமாக இதுதான். போன மாசம் போன் செய்தவள் கேட்டாள்:

“ஏண்டி, லீவுக்கு மார்த்தினிக் போறதா, குவாதலூப் போறதா? ரெண்டும் கரீபியன் தீவுதானாம். ரெண்டுலயும் சேந்த்-ஆன்னு ஒரே பேர்ல ஊரு இருக்குது, ரெண்டுலயும் கடலோரமாவே ரிசார்ட்டு இருக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. நீதான் நாலு புஸ்தகம் படிக்கிறவளாச்சே, சொல்லேன்.”

கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டாள். “ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாத. அம்மா வூட்டுக்கு மேல்தளம் போடக் காசு இல்லன்னு சொன்னவ கடல்ல குளிக்கப் போறாளான்னு கேப்பாங்க” என்றாள்.

பேர் சொல்லாமல் தோழர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். “குடிகாட்டுல மூச்சு விட முடியல, இவங்களுக்குக் கரீபியன் கேக்குதா?” என்றார் ஒருவர். ஆண்டை வீட்டுப் பிள்ளை கோடைக்குக் கொடைக்கானல் போனால் அது வழக்கம். அவன் அப்பன் சம்பாதித்ததா, நம் அப்பன் சம்பாதித்துக் கொடுத்ததா என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. நம்மில் ஒருத்தி சொந்த உழைப்பில் பத்து நாள் படுத்துக்கிடக்கப் போகிறாள் என்றால் உடனே கணக்கு நோட்டைத் திறக்கிறோம். சொந்தக்காரர்கள் கேட்பது போதாதென்று இயக்கமும் கேட்கிறது. அவளுடைய வெட்கம் அவளாகப் பட்ட வெட்கம் இல்லை, நாமெல்லாரும் சேர்ந்து கொடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தத் தீவு என்கிற கேள்வி நம்முடைய கரைக்குப் புதிதில்லை. ஆனால் கப்பலேறியவர்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயம்.

1848-ல் பிரான்சு தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. விடுதலையான கறுப்பர்கள், பழைய சாட்டைக்குக் கீழே பழைய கூலிக்கு வெட்டமாட்டோம் என்றார்கள். கரும்புத் தோட்டக்காரர்களுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தன. ஓரேலி என்கிற கப்பல் 1853 மே 6-ந் தேதி நம் ஆட்களை மார்த்தினிக்கின் சேன்-பியேர் துறைமுகத்தில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24-ந் தேதி குவாதலூப்பில் இறக்கியது. 1861-ல் இங்கிலாந்தோடு உடன்படிக்கை போட்டு, வெள்ளைக்காரன் ஆண்ட ஜில்லாக்களிலும் ஆள்பிடிக்க அனுமதி வாங்கினார்கள். நம் தென்னாற்காடு அதில் வராமலா இருக்கும்? 1880-களின் கடைசி வரைக்கும் போன கப்பல்களில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25 ஆயிரம் பேர், குவாதலூப்புக்கு 42 ஆயிரம் பேருக்கு மேல். இடையில் தாதுவருஷப் பஞ்சமும் வந்து போனது.

மேஸ்திரி வந்து ஐந்து வருஷ ஒப்பந்தம் என்பான், கைநாட்டு வாங்குவான். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மூன்று மாசத்துக்குக் கடல். இறக்கிவிட்ட இடம் மார்த்தினிக்கா குவாதலூப்பா என்பதைக் கப்பல்காரனும் தோட்டக்காரனும் முடிவு செய்தார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வரவேயில்லை.

போனவர்கள் எல்லாரும் நம்மவர்கள் என்று நான் சொல்லவில்லை. பல சாதி ஏழைகளும் போனார்கள். ஆனால் பறையர்கள் அதில் கணிசமான பங்கு. ‘தமிழன் கடல் கடந்தான், கோயில் கட்டினான்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள், எந்தத் தமிழன், எந்தத் தெருவிலிருந்து, எதற்குத் தப்பிப் போனான் என்று சொல்வதில்லை. படியாளாய் இருந்தவனுக்கு ஊரில் நின்றாலும் சாவு, கப்பலில் போனாலும் சாவு. கப்பலிலாவது அஞ்சு வருஷம் என்று ஒரு கணக்கு இருந்தது.

அங்கே போயும் சுகப்படவில்லை. கறுப்பர்களின் கூலியை உடைக்கத்தான் இவர்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒடுக்கப்பட்டவனுக்கு எதிராக இன்னொரு ஒடுக்கப்பட்டவனை நிறுத்துவது முதலாளிக்குக் கைவந்த வேலை. வெளியூர் ஒப்பந்த ஆளைக் கொண்டுவந்து உள்ளூர்க் கூலியைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது புரியும். ‘கூலி’ என்ற நம் சொல்லே தீவுகளில் வசவாகிப் போனது. மார்த்தினிக்கின் தலைநகர் ஃபோர்-த-ஃபிரான்சில் ஒப்பந்தம் முடிந்து தங்கிப்போனவர்களில் பலர் தெருக்கூட்டிகளாகவும் சாக்கடை அள்ளுகிறவர்களாகவும் ஆனார்கள். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் போனாலும் துடைப்பம் எப்படியோ நம் கைக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. பாரீசில் இவள் கையில் இருப்பதும் அதுதான்.

ஆனால் அழுகை மட்டும் இல்லை. மாரியம்மனையும் மதுரைவீரனையும் அவர்கள் விடவில்லை. மாரியம்மன் அங்கே ‘மாலியெமின்’, மதுரைவீரன் ‘மல்தெவிலன்’. இன்றைக்கும் கடா வெட்டுகிறார்கள், மேளம் அடிக்கிறார்கள். நம் குழம்புதான் ‘கொலம்போ’ என்ற பேரில் அந்தத் தீவுகளின் முக்கியமான சாப்பாடாக ரிசார்ட்டு மேசைவரை வருகிறது என்கிறார்கள்.

குவாதலூப்பில் காப்பெஸ்தேர் என்று ஒரு ஊர். ஹென்றி சிதம்பரம் 1863-ல் அங்கே பிறந்தார். கூலியாக வந்த இந்தியருக்குப் பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்ல, அவர்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லப்பட்டபோது 1904-ல் வழக்காடத் தொடங்கினார். 1923-ல்தான் ஜெயித்தார். பத்தொன்பது வருஷம். அதே காலத்தில்தான், 1916-ல், இங்கே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தன் வாசலில் நின்ற ஊரின் பேரைச் சுமந்த ஒருவர் அங்கே வாக்குப்பெட்டியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க மாட்டார்கள். கேட்டது ஒன்றைத்தான்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று படித்தேன். போனவனை நினைத்துக் கரையில் இருக்கிறவள் வருந்துவது. கடற்கரையில் ஒருத்தி சும்மா உட்கார்ந்து சந்தோஷமாக இருந்தாள் என்றால் அது எந்தத் திணையில் சேரும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. குடிகாட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம், நடுவில் உப்பனாறு. சின்ன வயசில் தேவனாம்பட்டினம் மாசிமகத்துக்கு மட்டும் போவோம். அம்மா வரமாட்டார்கள். “ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சி” என்பார்கள். தன் வாழ்நாளில் அவர்கள் கடலில் கால் நனைத்தது எத்தனை தடவை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி அவள் கேட்டதற்குப் பதில். தேடிப் படித்துவிட்டு இப்படிச் சொன்னேன்:

“டிசம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மழை கம்மி. ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் புயல் காலம், அப்ப போவாத. 2011-லேர்ந்து சர்காசம்னு ஒரு கடல்பாசி கூட்டங்கூட்டமா கரை ஒதுங்குது, அழுகினா அழுகின முட்டை நாத்தம் வரும். அட்லாண்டிக் பக்கம்தான் அது அதிகம், அதனால மேற்குக் கரையா பாரு. பிப்ரவரின்னா ரெண்டு தொல்லையும் குறைச்சல்.”

“குடிகாட்டு நாத்தத்த வுட்டுட்டுக் காசு குடுத்து அங்க போயி மோக்கணுமா?” என்றாள்.

நாத்தத்தோடு போகவில்லை. அந்த இரண்டு தீவுகளின் வாழைத் தோட்டங்களிலும் வண்டைக் கொல்வதற்கு 1972-லிருந்து 1993 வரைக்கும் குளோர்டெகோன் என்ற விஷத்தை அடித்தார்கள். அதைச் செய்த அமெரிக்கத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் நடுக்கம் கண்டு விழுந்ததால் 1975-லேயே அங்கே ஆலையை மூடினார்கள். பிரான்சு தன் நாட்டுக்குள் 1990-ல் தடை செய்தது. தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து மேலும் மூன்று வருஷம் அடிக்கவிட்டது. இன்றைக்குத் தீவுக்காரர்கள் பத்துப்பேரில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அந்த விஷம் இருக்கிறது. சில இடங்களில் ஆற்றிலும் கரையோரக் கடலிலும் மீன்பிடிக்கத் தடை. வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில், யார் மேலும் குற்றம் சாட்ட முடியாது என்று பாரீஸ் நீதிபதிகள் முடித்துவிட்டார்கள்.

ரிசார்ட்டு விளம்பரத்தில் இது இருக்காது. நமக்குச் சொல்லவேண்டியதும் இல்லை. 2004-ல் குடிகாட்டைச் சுற்றியுள்ள சிப்காட் ஊர்க்காரர்கள் வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 2025 மே மாதம் ஒரு தனியார் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து குடிகாட்டு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. விஷத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தீவானாலும் அப்படித்தான், குடிகாடானாலும் அப்படித்தான்.

“எனக்குன்னா மார்த்தினிக்தான்” என்றேன். “செசேர் பொறந்த ஊரு, ஃபனான் பொறந்த ஊரு. விமான நிலையத்துக்கே எமே செசேர்னு பேரு வச்சிருக்காங்க. உனக்கு குவாதலூப் சரிப்படும். நம்ம ஆளுங்க அதிகம். ஒரு நாள் மட்டும் காப்பெஸ்தேர் போயிட்டு வா. சிதம்பரத்துக்கு அங்க நினைவுச்சின்னம் இருக்குது, ஒரு பூ வச்சிட்டு வா.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “அதெல்லாம் சரி. எதுல சாப்பாடும் சேத்துக் குடுக்குறான்? பத்து நாளும் நான் கரண்டியத் தொடக்கூடாது. தட்டக் கழுவக்கூடாது. என் படுக்கைய வேற யாராச்சும் தட்டிப் போடணும்.”

ஒரு வாரம் கழித்து மார்த்தினிக்குக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். அவளுக்குக் கட்டுப்படியான விலையில் சாப்பாடு சேர்த்துக் கிடைத்தது அங்கேதான். சிதம்பரத்துக்கும் இல்லை, செசேருக்கும் இல்லை, கரண்டியைத் தொடாமல் இருப்பதற்காக. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. முன்னோர்களின் துயரத்தைத் தேடிப் போகவேண்டிய கடமையை அவள் தலையில் நாம் ஏன் ஏற்றவேண்டும்? படுக்கையைத் தட்டிப் போடப்போகிறவளும் ஒரு கூலிக்காரியின் பேத்தியாக இருக்கலாம். அது இவளுக்குத் தெரியும். தினமும் அந்த வேலை செய்கிறவள், அவளை எப்படி நடத்தவேண்டும் என்று யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

அவளால் போக முடிவது எப்படி? 1936-ல் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ஆலைகளை மறித்து உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து சம்பளத்தோடு இரண்டு வார லீவு வாங்கினார்கள். 1982-ல் அது ஐந்து வாரமானது. அந்தச் சட்டம் துடைப்பம் பிடிக்கிறவளையும் சேர்த்துக்கொள்கிறது.

இங்கே அப்படி யாரும் யோசிக்கவில்லையா? யோசித்தார். அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்த காலத்தில், 1945-ல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்திச் சம்பளத்தோடு விடுமுறை என்பதைக் கொண்டுவந்தார். 1948 சட்டத்தில், வேலை செய்த இருபது நாளுக்கு ஒரு நாள் என்று எழுதப்பட்டது. அவர் சட்டமேதை என்று சிலைக்கு மாலை போடுகிற நாம், உழைக்கிறவனுக்கு ஓய்வு வேண்டும் என்று சட்டம் செய்ததை எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்?

அந்தச் சட்டம் ஒப்பந்தக் கூலிகளிடம் வந்து சேரவில்லை. வருஷத்தில் இத்தனை நாள் வேலை செய்திருந்தால்தான் லீவு என்று கணக்கு இருக்கிறது. அந்த நாள் நிறைவதற்குள் காண்ட்ராக்டர் பேரை எடுத்துவிடுவார். பத்து நாள் கழித்து வேறு பேரேட்டில் எழுதுவார். என் தம்பி பேர் இப்படி எத்தனையோ தடவை செத்துப் பிறந்திருக்கிறது. கூட்டுகிற, கழுவுகிற, மூட்டை தூக்குகிற பெண்கள் நிலைமை இதைவிட மோசம். பிரசவத்துக்குப் போனால் வேலையே போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பெண்கள் கூட்டம் போட்டோம். கோரிக்கைப் பட்டியலில் வழக்கம்போல் கூலி உயர்வு, கையுறை, கக்கூசு என்று எழுதினார்கள். சம்பளத்தோடு லீவு என்பதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். ஒரு ஆயா மட்டும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்கள்:

“லீவு குடுத்தா எங்கம்மா போறது?”

“அத நீங்கதான் ஆயா சொல்லணும்.”

கொஞ்சம் யோசித்தார்கள். “பிச்சாவரம் போட்ல போவணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை” என்றார்கள். பக்கத்தில் இருந்தவள் உடனே, “ஏன் ஆயா, வெயில்ல போட்ல போயி என்னா பண்றது? சாமியார்பேட்டை பீச்சுக்குப் போலாம்” என்றாள். அதற்கப்புறம் கால்மணி நேரம் பிச்சாவரமா, சாமியார்பேட்டையா என்று கூட்டமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் குறுக்கே பேசவில்லை.