இருபது கிலோ கர்வம்

பேனா பிடிக்கிறவனுக்குத் தேகபலம் எதற்கு என்றுதான் முப்பத்தைந்து வயது வரை எண்ணிக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலில் இருந்தபடியே பத்திரிகைக்கு எழுதுகிற உத்தியோகம். நாற்காலியும் நானும் ஓருயிர். சென்ற மாசி மாதம் ஒரு காலையில் அந்த எண்ணம் தவிடுபொடியாயிற்று.

வீட்டு முற்றத்தில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் அவளைத் தூக்கி உட்கார வைக்க என்னால் முடியவில்லை! இரண்டு முறை முயன்றேன், மூச்சு வாங்கியது. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஓடி வந்து தூக்கினார்.

"போகட்டும்யா, நீ எழுதுற பிள்ளை" என்று அம்மா சமாதானம் சொன்னாள். அந்தச் சமாதானம்தான் என்னைச் சுட்டது.

அன்று மாலையே வைராக்கியம் பிறந்தது. காலஞ்சென்ற என் தந்தை தானிய வியாபாரி. அவர் கடையில் இருந்த இருபது கிலோ எடைக்கல் ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. வார்ப்பிரும்பு, மேலே கைப்பிடி. அதை ஒற்றைக் கையால் வெடுக்கென்று தூக்கினேன். முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குத் தடவிய தைலத்தில் மிச்சம் எனக்கு!

மூன்று வாரம் கழித்து, எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டரிடம் போய் நின்றேன். கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"தம்பி, ரஷ்யாக்காரனும் எடைக்கல்லில்தான் ஆரம்பிச்சான்" என்றார்.

உண்மைதான். தேகப்பயிற்சிக் கூடங்களில் 'கெட்டில்பெல்' என்று கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு இருக்கிறதே, அது ரஷ்யச் சந்தையில் தானியம் நிறுத்த எடைக்கல்லின் வாரிசு. பழைய ரஷ்ய எடையான ஒரு 'பூத்' ஏறக்குறைய 16.4 கிலோ. அதனால்தான் இன்றும் 16, 24, 32 கிலோ என்று குண்டுகள் செய்கிறார்கள். நம் கர்லாக்கட்டையும் சளைத்ததல்ல. வெள்ளைக்காரப் பட்டாளத்தார் இந்தியாவில் கற்றுக்கொண்டு போன கட்டைச் சுழற்று, 1904-லும் 1932-லும் ஒலிம்பிக் போட்டியிலேயே இடம் பெற்றது.

மாஸ்டர் முதல் பத்து நாள் குண்டைத் தொடவே விடவில்லை. சுவருக்கு ஒரு சாண் முன்னால், அதற்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகை வளைக்காமல், பின்புறத்தைத் தள்ளிச் சுவரைத் தொட வேண்டும். "மடங்க வேண்டியது தொடையும் இடுப்பும் சேருகிற மூட்டு, முதுகு இல்லை!" இதுதான் மந்திரம்.

பிறகு 8 கிலோ குண்டு. இரு கையாலும் பிடித்து, கால்களுக்கு நடுவே பின்னுக்கு வீசி, சட்டென்று நிமிர்ந்தால் குண்டு தானே மார்பு வரை எழும்புகிறது. கை வெறும் கயிறு; உழைப்பு முழுவதும் தொடைக்கும் பின்புறத்துக்கும். எழும்பும்போது மூச்சை விட வேண்டும். பத்து வீச்சு, ஓய்வு, மறுபடி பத்து. வாரத்துக்கு மூன்று நாள் போதும். களைத்தால் நில்லுங்கள், வலித்தால் விட்டுவிடுங்கள். ரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ முதுகு வலியோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டுவிடுவது உத்தமம்.

ஆடித்தபசு வந்தது. சங்கரநாராயணராகச் சுவாமி கோமதியம்மனுக்குக் காட்சி தரும் நாள். அம்மாவுக்குப் பார்க்க ஆசை. ஆனால் விழுந்ததிலிருந்து ஆட்டோவில் காலெடுத்து வைக்க முடிவதில்லை. அண்ணாச்சியைக் கூப்பிடச் சொன்னாள். நான் கூப்பிடவில்லை. முதுகை நேராக வைத்துக் குனிந்து, மூச்சை விட்டபடி அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தேன்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பா மூட்டை தூக்குன மாதிரியே இருக்கேய்யா" என்றாள்.

அப்பாவின் எடைக்கல் இன்னமும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. நான் இப்போது 12 கிலோவுக்கு வந்திருக்கிறேன். அவசரம் இல்லை, அது காத்திருக்கும்.