'டக்' சத்தம் எங்கே?

போன வருஷம் மே மாசம், அப்பாவோட பழைய காரில் ஏசி திடீரென்று சூடான காற்றை ஊத ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்து பார்த்தவர், "கம்ப்ரசர் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். அப்பா என் செமஸ்டர் ஃபீஸை நினைத்துக்கொண்டே தலையாட்டினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசரின் புல்லி பெல்ட்டில் சும்மாதான் சுற்றும். அதன் முன்னால் இருக்கும் காந்த கிளட்சுக்கு 12 வோல்ட் வந்தால்தான் 'டக்'கென்று ஒட்டி, கம்ப்ரசர் ஓடும். உள்ளே எவாப்பரேட்டர் ஐஸ் கட்டும் அளவுக்குக் குளிர்ந்தால் கரண்ட் நிற்கும், கிளட்ச் விட்டுவிடும். மறுபடி 'டக்'. (சில புது கார்களில் கிளட்சே கிடையாது, அது வேற கதை.) எங்கள் காரில் ஒரு 'டக்'கும் இல்லை.

கேஸ் கசிந்தாலும் இப்படித்தான் ஆகும். கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் காய்ந்துபோய் ஜாம் ஆகிவிடும் என்று, பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்குக் கரண்ட்டே விடாது. பாவம், கம்ப்ரசர் மேல் பழி!

"அண்ணே, கேஸ் பிரஷர் பாத்தீங்களா?"

முறைத்தார். ஆனாலும் கேஜை மாட்டினார். முள் அடியிலேயே கிடந்தது. கசிந்தது ஒரு ஓ-ரிங். அதை மாற்றி, கேஸ் ஏற்றி, சுவிட்சைப் போட்டார்.

'டக்'.