திரும்பிச் செல்லும் மீன்

நாமக்கல் வட்டாரத்துப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மகனோடு வாழப் பெங்களூருக்குப் புறப்பட்டபோது தம் மீன்தொட்டியைப் பங்கு இல்லத்தில் விட்டுச் சென்றார். ஏஞ்சல் மீன்கள் நான்கு, டெட்ரா மீன்கள் ஏழெட்டு, அகன்ற இலையுடைய நீர்ச்செடி ஒன்று. குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். முதல் திருத்தூதர்கள் நால்வரும் மீனவராயிருந்தும், மீனைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஒருநாள் காலைத் திருப்பலி முடித்து வந்து பார்த்தால், தொட்டியில் பெருங்கலகம். பெரிய ஏஞ்சல் ஒன்று மற்றவற்றையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கி, அருகில் வந்தவற்றை முட்டியும் கடித்தும் விரட்டிக்கொண்டிருந்தது. எளியோரை வலியோர் ஒடுக்கும் கொடுமையாகவே அது நமக்குப் பட்டது. வலையை எடுத்தோம், அந்த முரடனைப் பிடித்து வாளித் தண்ணீரில் விட்டோம். நீதி வழங்கிவிட்ட நிறைவோடு காலை உணவுக்கு அமர்ந்தோம்.

நம் உபதேசியார் மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் பிறந்தவர், மீனவர் மகன். மாலையில் வந்தவர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். “சாமி, இது சண்டை இல்லீங்க. அந்த இலையைப் பாருங்க, முட்டை வெச்சிருக்குதுங்க. காவலுக்கு நின்னதைப் புடிச்சு வெளியில போட்டுட்டீங்களே” என்றார். இலையின்மேல் கேழ்வரகு போன்ற முட்டைகள் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. உடனே மீனைத் திரும்பவும் உள்ளே விட்டோம். ஆயினும் மறுநாள் விடியலில் இலை வெறுமையாயிருந்தது. கலக்கமுற்ற மீன்கள் தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடுவதுண்டு என்றார் அவர்.

அதன்பின்பே நாம் பார்க்கக் கற்றோம். முட்டையிடுமுன் இணை இரண்டும் கூட்டத்தைவிட்டு விலகுகின்றன. ஓர் இலையையோ கல்லையோ தேர்ந்து, வாயால் கொத்திக் கொத்தித் துப்புரவு செய்கின்றன. அடிவயிற்றில் சிறு குழல் ஒன்று வெளிப்படுகிறது. பெண் வரிசையாக முட்டையிட்டுச் செல்ல, ஆண் பின்தொடர்ந்து அவற்றைச் சூல்கொள்ளச் செய்கிறது. பின்னர் மாறி மாறித் துடுப்பால் விசிறி நீரோட்டம் தருகின்றன. பூசணம் பிடித்து வெளுத்தவற்றை அகற்றுகின்றன. இரண்டு மூன்று நாளில் பொரிந்தாலும், குஞ்சுகள் நீந்தித் திரிய மேலும் ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். அத்தனை நாளும் பெற்றோருக்கு ஓய்வில்லை.

நம் நீர்நிலைகளிலும் இதுவே நிகழ்கிறது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபோது மூழ்கிய ஆலயத்தின் கோபுரம், நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டும். அதைக் காண உபதேசியார் ஒருமுறை நம்மை அழைத்துச் சென்றார். நாம் கோபுரத்தைப் பார்த்தோம். அவரோ காய்ந்த சேற்றில் தட்டுத் தட்டாகக் கிடந்த பள்ளங்களைக் காட்டினார். அவை ஜிலேபி மீன் தோண்டியவை. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கறுத்து, தாடை மட்டும் வெளுத்து, தன் பள்ளத்தை நெருங்கும் பிற ஆண்களோடு மோதும். பெண்ணோ முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சுகள் வெளிவரும்வரை பெரும்பாலும் இரையின்றியே திரியும்.

விராலின் கதை நெஞ்சை உறுத்துவது. செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்தில் மேய, பெற்றோர் கீழே காவல் நிற்கும். இதனை அறிந்த தூண்டில்காரர் குஞ்சுத் திரளின் நடுவே தூண்டிலை வீசுவார். விரால் பாய்ந்து கவ்வுவது பசியாலன்று, பகையென எண்ணியே. அந்த அன்பே அதன் தொண்டையில் முள்ளாகிறது.

மீன்கள் எதைக் கண்டு சீறுகின்றன என்று ஆராய்ந்தவர், 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான டச்சு அறிஞர் நிக்கோ டின்பெர்கன். ஸ்டிக்கில்பேக் என்னும் சிறுமீனின் ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வயிறு சிவக்கும். மீன் வடிவமே இல்லாத பொம்மையாயினும் அதன் அடிப்புறம் சிவந்திருந்தால் அது தாக்குமாம். சன்னலுக்கு வெளியே சிவப்பு அஞ்சல் வண்டி கடந்தபோதும் அவர் மீன்கள் சீறினவாம்.

எல்லாச் சண்டையும் காவலன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இடநெருக்கடியாலும் இரைப் போட்டியாலும் வரும் கொடுமை வேறு. அங்கே வலியது மெலியதை ஒளிவிடம்வரை துரத்திச் செதிலைக் கிழிக்கும்; அதற்கு உறைவிடம் என்று ஒன்றிராது. காவல் நிற்கும் மீனோ பெரும்பாலும் ஓர் எல்லைவரை விரட்டிவிட்டு, மீண்டும் இலையருகே வந்து நிற்கும். எங்கே திரும்புகிறது என்று பொறுத்துப் பார்க்கவேண்டும். நாம் அன்று பார்த்தது பாய்ச்சலை மட்டுமே.

வலையை நாம் அவசரமாக எடுத்தது அது முதன்முறையன்று. முந்தைய பங்கில் கைம்பெண் ஒருவர், பாடற்குழுப் பொறுப்பாளரோடு ஓயாது சண்டையிட்டார். கோவில் வளாகத்தில் குரல் உயர்த்தினார். பயிற்சி நாள்களில் வாசலிலேயே அமர்ந்திருப்பார். பங்கின் அமைதியைக் கெடுக்கிறார் என்று கூறி, மாதர் சங்கத்திலிருந்து அவரை விலகி இருக்கச் செய்தோம். அவர் மகள் அக்குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். அம்மனிதரின் நடத்தை பிறகு ஊரறிய வெளிப்பட்டது. அதற்குள் தாயும் மகளும் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். செய்தி நமக்கு எட்டிய நாளில் வருந்தினோம், தேடிச் செல்லவில்லை.

வெறுமையான அந்த இலையைக் கண்டபின் நம்மால் அப்படி இருக்க முடியவில்லை. முகவரி விசாரித்து, இராசிபுரத்துக்கு அப்பால் மரவள்ளிக் காட்டினிடையே இருந்த அவர் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

“அன்னிக்கு எதுக்கு வாசல்ல உக்காந்திருக்கேன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே சாமி” என்றார்.