பரிவு நரம்பு

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் என் பெயரனுடன் ஆற்றங்கரைக்குச் சென்றிருந்தேன். அவன் ஆறு அகவைச் சிறுவன். படித்துறையில் அன்பர் ஒருவருடன் சில சொல் பேசித் திரும்பினேன், அவனைக் காணவில்லை. அக்கணமே என் நெஞ்சு பறைபோல் அறைந்தது. முழங்கால் வலியையும் மறந்து படிகளில் இறங்கி ஓடினேன். நீரின் விளிம்பில் குனிந்து நின்றவனைப் பற்றி இழுத்தேன். அவன் நகைத்தான், எனக்கோ நெஞ்சின் துடிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. 'இத்துணை நூல் கற்றும் கோழையாயினேனே' என்று நாணினேன்.

மறுநாள் மருத்துவரைக் கண்டேன். அவர் என்னிடம் தமிழ் பயின்றவர். உடலைச் சோதித்தபின், "ஐயா, தங்கள் இதயம் தன் கடமையையே செய்தது" என்று கூறி, அதனை விளக்கினார்.

இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவும் மதில் சூழ்ந்த ஊரை ஒக்கும். அம்மதிலில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. ஒவ்வொரு துடிப்பின்போதும் அவை திறக்க, கால்சியம் உள்ளே புகும். புகுந்த சிறிதளவு, உள்ளே சேமித்துள்ள பேரளவை வெளிப்படுத்தும். உடனே தசை சுருங்கும். கால்சியம் இன்றேல் துடிப்பும் இல்லை. இலண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் அறிஞர் இதனை 1883ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தினார். குழாய்நீரில் ஆக்கிய உப்புக் கரைசலில் துடித்த தவளையின் இதயம், வடித்த நீரில் ஆக்கிய கரைசலில் ஓய்ந்தது. குழாய்நீரில் கலந்திருந்த கால்சியமே அதனைத் துடிக்கச் செய்தது.

இடர் நேர்ந்தவுடன், இதயத்தை அடையும் நரம்புகள் நார் அட்ரினலினைச் சொரியும். அது மதிலின் புறத்தே உள்ள பீட்டா ஏற்பியைத் தீண்டும். உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் பெருகி, ஒரு நொதியை எழுப்பும். அந்நொதி வாயிலையே மாற்றுகிறது என்று அறிஞர் நெடுங்காலம் கருதினர். 2020ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து, உண்மை வேறெனக் காட்டினர். வாயிலைத் தடுத்து நிற்கும் காவலன் ஒருவன் உளன். 'ராட்' என்னும் புரதமே அவன். நொதி அவன்மீது பாஸ்பேட்டைச் சேர்க்க, அவன் விலகுகிறான். வாயில்கள் எளிதில் திறக்கின்றன. கால்சியம் மிகுதியாகப் புகுகின்றது. துடிப்பு வலிமை பெறுகின்றது. அதனால் மிகுந்த குருதி உடலெங்கும் பாய்கின்றது. தளர்ந்த என் கால்களை அன்று ஓடச் செய்ததும் அதுவே!

"ஆயினும் ஓயாத கவலையும் சினமும் இவ்வாயில்களை ஓயாது தட்டும், நலிந்த இதயத்தை அது மேலும் நலிவிக்கும். இடர் நீங்கியபின் மனத்தை அமைதியுறச் செய்யுங்கள்" என்றார் மருத்துவர்.

"அந்நரம்புகளுக்குப் பெயர் யாது?" என்று வினவினேன்.

"பரிவு நரம்புகள், ஐயா" என்றார்.

பரிவு என்பது அன்பு. பிறர் துன்பங்கண்டு இரங்குதல். அச்சொல்லை நாற்பது ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான். அன்று என் நெஞ்சை அறையச் செய்தது கோழைமையன்று என்பதை என் மாணவரிடமிருந்தே அறிந்தேன். நாணம் நீங்கி வீடு திரும்பினேன்.